இரண்டு பாட்டரி மங்கையர்க்கரசி

வளையல்களைக் கழற்றி கியர் கம்பியில் மாட்டிய பிறகுதான் மங்கையர்க்கரசி ஸ்பானரையே தொடுவார். கழுத்துச் சங்கிலி நைட்டிக்குள் போய்விடும். நைட்டிக்கு மேல் மகன் தருணின் பழைய ஆபீஸ் சட்டை. "கரண்டுக்குத் தங்கமும் ஒண்ணுதான், தகரமும் ஒண்ணுதானுங்" என்பார். வயது அறுபதைத் தொடுகிறது. அதை நினைத்து யாராவது உதவிக்குக் கையை நீட்டினால் தொலைந்தார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து மராத்தி பேசும் விஷ்ராந்த்வாடிக்கு மகனோடு வந்தவர். வந்த புதிதில் நாள் முழுக்க சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்ததில் பைத்தியம் பிடிக்காத குறை. ரஞ்சன்காவில் ஒரு கம்பெனி கழித்துக்கட்டிய டீசல் பிக்கப்பை ஏலத்தில் எடுத்தார். பானெட்டைத் திறந்தால் இடமும் வலமுமாக இரண்டு பாட்டரி. அத்தனை பெரிய இஞ்சினைக் கிளப்ப ஒன்று பத்தாது. அந்த வண்டியில்தான் தளேகாவ் வரை தமிழ்க் குடும்பங்களுக்குத் தோசை மாவு போகிறது. போகிறது என்ன, போய்க்கொண்டிருந்தது.

போன மாதம் ஒரு பாட்டரி படுத்துவிட்டது. "ஏக் காஃபி ஹை மா, ஒண்ணு போதும். நல்லா இருக்கறத ஏன் மாத்தணும்?" என்றான் தருண். பிள்ளை சொல்கிறானே என்று ஒன்றை மட்டும் மாற்றினார். பழையது புதியதையும் சேர்த்து உறிஞ்சித் தீர்த்தது. வண்டி அசையவில்லை. "அவன் பேச்சக் கேட்டேன் பாருங்க, என்னயச் சொல்லோணும்!"

அபார்ட்மென்ட் சொசைட்டி செயலாளர் பட்டாபிராமன் இதற்கென்றே காத்திருந்தவர் போல நோட்டீஸ் ஒட்டிவிட்டார். ஓடாத வண்டிக்குப் பார்க்கிங்கில் இடமில்லை, ஞாயிற்றுக்கிழமை கிரேன் வரும். வண்டி போனால் மாவு போச்சு. மாவு போனால் மறுபடி அந்த சோபா. நினைத்தாலே மங்கையர்க்கரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிறும் வந்தது, கிரேனும் வந்து கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. வேடிக்கை பார்க்க சொசைட்டியே கூடிவிட்டது.

"எதுக்கும்மா இந்தப் பிடிவாதம்? இந்த வயசுலே ஆத்துலே அக்கடான்னு இருக்கப்படாதோ?" என்றார் பட்டாபிராமன்.

"நீங்க இருங்க சார். நான் வேண்டாம்னா சொன்னனுங்?"

முதலில் இரண்டு பக்கமும் நெகடிவ் ஒயர்களைக் கழற்றினார். முனைகளில் பூத்திருந்த வெள்ளையை வெந்நீர் ஊற்றித் தேய்த்தார். போன மாதம் வாங்கியதையும் விடாமல் இரண்டையும் வெளியே தூக்கி வைத்தார். இடுப்பில் சுளீரென்றது, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. வாங்கி வைத்திருந்த புதிய ஜோடி உள்ளே போனது. "ரெண்டும் ஒண்ணா வந்தா ஒண்ணா உழைக்குமுங்."

சாவியைத் திருப்பினார். இஞ்சின் முக்கி முனகி ஓய்ந்தது.

"பாத்தேளா, நான் சொன்னேனோல்லியோ!" பட்டாபிராமன் கிரேன்காரனுக்குக் கைகாட்டினார். அவன் கொக்கியோடு நெருங்கினான். மங்கையர்க்கரசி ஜன்னல் வழியே தலையை நீட்டினார். இத்தனை பேர் பார்க்க மானம் போய்விடுமா?

"தாம்பா!" நில்லுங்க என்று மராத்தியில் ஓர் அதட்டல் போட்டார். அவன் நின்றே விட்டான். இறங்கி வந்து ஒவ்வொரு ஒயராக ஆட்டிப் பார்த்தார். வலப்பக்கத்து நெகடிவ் தொளதொளவென்று ஆடியது. "கோவத்துல முறுக்காம உட்டுப்போட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து முறுக்கினார்.

மறுபடி ஏறி உட்கார்ந்தார். இஞ்சின் சூடாவதற்கான ஹீட்டர் விளக்கு எரிந்தது. அது அணையாமல் டீசல் வண்டியைக் கிளப்பக் கூடாது.

"நாழியாறதும்மா."

விளக்கிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. அணைந்தது. திருப்பினார். பார்க்கிங் முழுக்க அதிர, கரும்புகை கிளம்பியது.

"சரி, சரி, ஓடறது, ஒத்துக்கறேன்" என்று இருமினார் பட்டாபிராமன். "அணைச்சுடுங்கோ."

மங்கையர்க்கரசி அணைக்கவில்லை. கியரைப் போட்டார். கிரேனை உரசிவிடும் என்று எல்லோரும் பதறுகிற இடம்வரை கொண்டுபோய் நிறுத்தினார். ஹாரன் அடிக்கவில்லை. ஜன்னல் வழியே கரிபடிந்த ஒரு கையை நீட்டி, கோழியை விரட்டுவதுபோல விரல்களை ஆட்டினார். கிரேன் முழுசாக நகர்ந்து வழிவிடும்வரை அந்தக் கை உள்ளே போகவில்லை.