சிம்ரன் எடுத்த மொழி

பதினொன்றாம் வகுப்பில் சிம்ரனின் தோழிகள் எல்லோரும் மார்க் அள்ளலாம் என்று பிரெஞ்சு எடுத்தார்கள். அவள் மட்டும் சாயங்கால வகுப்புக்குப் போய்க் கொரிய மொழி படித்தாள்.

"டிராமா ஹீரோவைக் கட்டிக்கப் போறியாடி?" என்று தோழி சத்யப்ரியா சீண்டினாள். சிம்ரன் சிரித்ததோடு சரி.

அவள் அப்பா கிறிஸ்டோபர் ஒரகடத்தில் ஒரு கொரியக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். பின்சீட்டுக்காரர்கள் பேசிச் சிரித்தால் போதும், "நான் ஓட்றதத்தான் கிண்டல் பண்ணிக்கினு வராங்களோ, இன்னாவோ" என்று வீட்டில் வந்து புலம்புவார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவள் அந்த மொழியை எடுத்தாள்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட ஆசைப்பட்ட, கம்பெனியின் இரண்டு கொரியப் பெண்களுக்காக அவர் வேன் எடுத்தார். சிம்ரனும் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். திரும்பும் வழியில் பின்னால் ஒரே சிரிப்பு. அப்பாவின் கழுத்து விறைத்தது.

"இன்னாமா சொல்றாங்க?"

"மத்த வண்டில பயத்துல கண்ணே மூட மாட்டாங்களாம். உன் வண்டில ஏறினதும் தூங்கிடறாங்களாம்பா."

அவர் கண்ணாடியில் பின்சீட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார். சிம்ரன் பின்னால் திரும்பிக் கொரிய மொழியில் ஏதோ சொன்னாள். இருவரும் கைதட்டினார்கள்.

"நீ இன்னாமா சொன்ன?"

"இவரு எங்க அப்பான்னு சொன்னேன்பா."