மில் வேனில் ஹார்கிரீவ்ஸ்

போன வாரம் சாணார்பட்டி சாலையில் என் ஸ்கூட்டருக்கு முன்னால் தலையணை விற்கிற வேன் ஒன்று போனது. காற்றில் பஞ்சு வாசனை. அதோடு தேங்காயெண்ணெயும் மல்லிகைப்பூவும் டப்பாவில் அடைத்த புளிச்சோறும் சேர்ந்தால், அதுதான் எங்கள் மில் வேன்.

எங்கள் வேன் என்று உரிமையோடு சொல்கிறேன். அந்த நூல் மில்லில் வேலை பார்த்தது என்னவோ அம்மாதான். காலையில் எங்கள் ஊருக்குப் பஸ் வந்தால் அதிசயம் என்பதால், பத்தாம் வகுப்பு முழுக்க அந்த வேனில்தான் பள்ளிக்கூட வாசலில் போய் இறங்கினேன். தனி சீட்டெல்லாம் கிடையாது. அம்மாவுக்கும் மாரியக்காவுக்கும் நடுவில் ஒடுங்கிக்கொள்வேன். டிக்கெட்டுக்குப் பதிலாகப் பாடம் வாசிக்க வேண்டும். வேனில் எல்லோருக்கும் அக்காவான மாரியக்கா போட்ட சட்டம் அது. எங்கள் வீட்டில் முதன்முதலில் புத்தகம் தொட்டவள் நான். நாலு பேர் கேட்க வாசிக்கச் சொன்னால் கசக்குமா? டிவியில் செய்தி வாசிப்பவள்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பேன்.

தாவரவியலுக்குப் பாதி வேன் தூங்கிவிடும். தொழிற்புரட்சி வந்த அன்றுதான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நூல் நூற்கும் ஸ்பின்னிங் ஜென்னியைக் கண்டுபிடித்தவர் ஹார்கிரீவ்ஸ், அதில் ஒரே சக்கரத்தில் நூலை முறுக்குகிற எட்டுக் கதிர்கள் சுற்றும் என்று வாசித்து, புத்தகத்திலிருந்த படத்தையும் காட்டினேன்.

"எட்டா?" என்றாள் மாரியக்கா. "எட்டுக் கதிருக்கா படம் போட்டிருக்கான்? நாங்க ஆளுக்கு எம்புட்டுக் கதிரு பாக்குறோம், எங்க படம் எங்கடி?"

"அந்தாளுக்கு சூப்பர்வைசர் இருந்திருக்க மாட்டான்க்கா. அதான் எட்டோட நிறுத்திட்டான்" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல்.

வேலை போய்விடும் என்று பயந்து அக்கம்பக்கத்தார் அவருடைய மிஷின்களை உடைத்தார்கள் என்றதும் வேன் இரண்டு கட்சியானது. "பாவம் அந்த மனுசன்" என்றது ஒன்று. "ஒடைச்சவுக வயித்துக்கு யாரு பதில் சொல்றது?" என்றது இன்னொன்று. சண்டையை நிறுத்த நான், இன்னொரு நூல் மிஷினைக் கொண்டுவந்த ஆர்க்ரைட்டுக்குத் தாவினேன். அவர் முதலில் முடிவெட்டுகிற தொழில் செய்தவர் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

நாள் முழுக்க அறுந்த நூலை ஒட்டியே விரல் தேய்ந்த மாரியக்கா, "அதான் நூலு இம்புட்டு அறுபடுது! கத்திரி பிடிச்ச கையில்ல" என்றாள். டிரைவர் சிரித்த சிரிப்பில் வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

பரீட்சையில் ஹார்கிரீவ்ஸைப் பற்றியே கேள்வி வந்தது. எழுதும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிட்டு வைத்திருக்கிறேனோ என்று சந்தேகப்பட்டு என் மேஜையைத் தடவிப் பார்த்தார்கள்.

பரீட்சை முடிந்ததும், மில்லுக்கு ஆள் சேர்க்கிற புரோக்கர் வேன் நிற்கிற இடத்துக்கே வந்துவிட்டார். என்னை வேலைக்கு அனுப்ப அப்பாவிடம் ஏற்கெனவே சம்மதம் வாங்கியிருந்தார். எனக்கோ பிளஸ் ஒன் சேர வேண்டும். அம்மாவை வழியனுப்புகிற சாக்கில் நானும் போய் நின்றேன்.

"எதுக்கு நாளைக்கின்னுட்டு? இன்னைக்கே ஏத்தி விடு தாயி" என்றார் புரோக்கர், அம்மாவிடம்.

மாரியக்கா என் இடத்தில் தன் சாப்பாட்டுத் தூக்கை வைத்தாள். அடுத்தவள் பையை வைத்தாள். அதற்கடுத்தவள் காலை நீட்டிக்கொண்டாள்.

"இடமில்லண்ணே" என்றாள் மாரியக்கா.

"இத்தன நாளும் இதுலதான வந்தா?"

"அது படிக்கிற புள்ள. மடியில வச்சுக்கூட கூட்டிட்டுப் போவோம். வேலைக்குன்னா இடமில்ல."

"ஓவர்லோடுண்ணே, போலீஸ்காரவுக பிடிப்பாக" என்றார் டிரைவர். ஓவர்லோடு இல்லாமல் அந்த வேன் ஓடி நான் பார்த்ததில்லை.

அம்மா ஏறிக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "பிளஸ் ஒன்னுக்கு எப்ப சேக்குறாகன்னு ஸ்கூல்ல போயிக் கேளு. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

இன்று நான் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன், பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்த மில் மூடி, அங்கே கல்யாண மண்டபம் வந்துவிட்டது. மாரியக்கா ஒட்டன்சத்திரம் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். வேன் எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ, தெரியாது. அது நின்ற இடத்தில் இப்போது காலேஜ் பஸ்கள் வந்து நிற்கின்றன. எங்கள் ஊர்ப் பெண்கள் ஏறி, ஆளுக்கொரு சீட்டில், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். அவர்களுக்காக யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை.