வராத ஆறு சனிக்கிழமைகள்

சென்னையில் மேடையேறி நான் வாங்கிய இளைஞர் விருதில் ஒரு பங்கு பொய். எந்தப் பங்கு என்று எனக்குத் தெரியும், இன்னொருத்திக்கும் தெரியும். இத்தனை வருஷம் கழித்து எழுதிவிட்டால் மனசு சுத்தமாகிவிடும் என்றெல்லாம் நான் நம்பவில்லை. உள்ளே வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளிக்கு அந்த விருதுத் திட்டம் வந்தபோது முதலில் கை தூக்கியது நான். என்ன, ஏது என்று கேட்பதற்கு முன்பே கை தூக்குகிற ரகம். சேவை, கைத்திறன், உடற்பயிற்சி, வெளிப்பயணம் என்று நான்கு பகுதிகள். எல்லாவற்றையும் ஒரு நீல அட்டைப் புத்தகத்தில் தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கைத்திறனுக்குத் தட்டச்சு கற்றுக்கொண்டேன். காலையில் மைதானத்தில் ஓடினேன். முதல் வாரம் இரண்டு சுற்றிலேயே நாக்குத் தள்ளிவிட்டது. வெளிப்பயணம் கடைசியில், ஜவ்வாது மலையில் இரண்டு நாள் நடை. சேவைக்குத்தான் வழி தெரியவில்லை. இருபத்துநான்கு வாரம் யாராவது ஒருவருக்கு உதவ வேண்டும்.

அப்பா வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா. அவர்தான் சொன்னார். "அடி அண்ணாமலையில ஒரு பொண்ணு இருக்குது. சின்ன வயசுல போலியோ வந்து ரெண்டு காலும் போயிடுச்சு. மூணு சக்கர வண்டி கேட்டு மனு மேல மனு குடுக்குது. எழுதப் படிக்கத் தெரியாது. போய் சொல்லிக்குடேன்."

"மனுவ நீங்களே பாஸ் பண்ணிடலாமே?"

"அது வேற செக்‌ஷன்" என்றார் அப்பா. அதோடு அவர் கடமை முடிந்தது.

அவள் என்னைவிட மூன்று வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிட்டேன். வீடு கிரிவலப் பாதையிலேயே இருந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் கூட்டமாக அவள் வாசல் வழியாகத்தான் மலையைச் சுற்றும். அவள் ஒரு தடவைகூடச் சுற்றியதில்லை. அம்மா கழனி வேலைக்குப் போய்விடுவாள். இவள் வாசலில் உட்கார்ந்து கூலிக்கு மல்லாட்டை உரிப்பாள். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது. பேசிக்கொண்டே உரிப்பாள், கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். வாயில்தான் வேகம் ஜாஸ்தி.

"பெட்டிஷன் எழுதறவரு எழுதறாரு, நான் கைநாட்டு வெக்கிறேன். உள்ள இன்னா எழுதறாருன்னு யாருக்குத் தெரியும்? எனக்கு எருமை மாடு வேணும்னு எழுதினாலும் நான் கைநாட்டு வெச்சுட்டு வந்துடுவேன்" என்று முதல் நாளே சொன்னாள். "நானே எழுதணும்டீ. அடியில நானே கையெழுத்துப் போடணும். அது வரைக்கும் சொல்லிக்குடு, போதும்."

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். நானும் ஒத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மாலைகளில் சைக்கிளில் போவேன். முதலில் மல்லாட்டையை வரிசையாக வைத்து எழுத்துகள் செய்தோம். பாடம் முடிந்ததும் அந்த எழுத்துகளை நான் தின்றுவிடுவேன். "படிச்சதெல்லாம் இவ வயித்துக்குள்ள போவுது, அப்புறம் எனக்கு எங்க ஏறும்?" என்பாள். முதல் எட்டு வாரம் என் நீலப் புத்தகத்தில் கட்டைவிரல் ரேகை வைத்தாள். ஒன்பதாவது வாரம் பேரை எழுதினாள். எழுதிவிட்டு அதை ஊதினாள், மை காய்வதற்காக. பிறகு தேதி எழுதவும் கற்றுக்கொண்டாள். வேறெதையும்விட அவளுக்குத் தேதி எழுதுவது பிடித்துப்போயிற்று. பாடம் தொடங்கும் முன் அவளுடைய நோட்டில் மேலே தேதியும் பக்கத்தில் கையெழுத்தும் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பாள்.

பதினெட்டு வாரம் இப்படிப் போயிற்று. சின்னச் சின்ன வாக்கியங்கள் வந்துவிட்டன. மீதி ஆறு வாரமும் மனு எழுதுவது என்று இருவரும் பேசி வைத்திருந்தோம்.

அப்போதுதான் இனி சனிக்கிழமைகளில் வெளிப்பயணத்துக்கான பயிற்சி நடை என்று பள்ளியில் சொன்னார்கள். காலையில் மூட்டை தூக்கி நடந்தால் மதியத்துக்குள் முடிந்துவிடும். மாலையில் அடி அண்ணாமலைக்குத் தாராளமாகப் போயிருக்கலாம். கால் வலிக்கும் என்று நினைத்தேன். இதுதான் நிஜம், இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

பதினெட்டாவது சனிக்கிழமை புத்தகத்தை அவள் முன்னால் வைத்தேன். வரப்போகிற ஆறு தேதிகளையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

"இன்னும் வராத தேதியாச்சே?"

"இப்பவே போட்டு வெச்சிடுக்கா. எப்படியும் வரத்தானே போறேன்."

சொல்லும்போது அப்படித்தான் நினைத்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே கதை விட்டுக்கொண்டிருந்தேன். இல்லை. அன்றைக்கே எனக்குத் தெரியும். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஆறு தடவை எழுதினாள். ஒவ்வொரு தடவையும் ஊதினாள். வீட்டுக்குப் போய் ஆறு இடத்திலும் "மனு எழுதப் பயிற்சி அளித்தேன்" என்று அழகான கையெழுத்தில் எழுதி முடித்தேன்.

மூன்றாவது பயிற்சி நடை மலையைச் சுற்றி. அன்றைக்கு மட்டும் வெயிலுக்குப் பயந்து மாலையில் வைத்தார்கள். அவள் வீடு வந்தபோது நான் தோழிகளுக்கு மறுபக்கம் ஒதுங்கி, தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். ஆனாலும் பார்த்துவிட்டேன். தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். மல்லாட்டைக் கூடை இல்லை. மடியில் நோட்டு இருந்தது. பத்தே அடி தூரம். நின்றிருக்கலாம். "அக்கா, மன்னிச்சுடு" என்று கத்தியாவது இருக்கலாம். நான் பாட்டுக்கு நடந்தேன்.

ஜவ்வாது மலையில் இரண்டு நாள் நடந்தோம், கூடாரம் போட்டோம், அரைவேக்காட்டுச் சோறு தின்றோம். விருது கிடைத்தது. மேடையில் ஒரு பெரியவர், "சேவைதான் இதில் உயர்ந்தது" என்று சொல்லி எனக்குக் கை கொடுத்தார். அப்பா ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். அந்த செக்‌ஷனுக்கும்தான் கொடுத்திருப்பார்.

எட்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் துணிவு வந்தது. சான்றிதழையும் ஒரு டப்பா இனிப்பையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் பச்சை நிற மூன்று சக்கர வண்டி நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. நான் இல்லாமலே நடந்துவிட்டது, நல்லவேளை.

"வாங்க" என்றாள்.

பதினெட்டு வாரமும் "வாடீ" என்று கூப்பிட்டவள்.

"வண்டி வந்துடுச்சாக்கா? மனு நீயே எழுதினியா?"

"இல்லீங்க. முகாம் போட்டாங்க, அம்மா தூக்கிக்கினு போச்சு. அவங்களே எழுதிக்கினாங்க. கையெழுத்துப் போடத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன்."

"தெரியுமேக்கா, ஏன் அப்படிச் சொன்ன?"

"கையெழுத்துப் போட்டதுங்க ஒண்ணும் நடக்கலியே. அதான் கைநாட்டே வெச்சேன். வண்டி வந்துடுச்சு பாருங்க." சிரித்தாள். குத்திக் காட்டுகிற சிரிப்பாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நடந்ததைத்தான் சொன்னாள்.

நோட்டைக் கேட்டேன். உள்ளே கை நீட்டி எடுத்துக் கொடுத்தாள். கடைசி ஆறு பக்கங்களிலும் மேலே தேதி, பக்கத்தில் கையெழுத்து. கீழே வெறும் கோடுகள்.

"நீங்க வந்து எழுதிக்குடுப்பீங்கன்னு எடம் வுட்டு வெச்சேன்" என்றாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாக, "அன்னிக்கு மூட்டை தூக்கிக்கினு இந்தப் பக்கமா போனீங்களே, ரொம்ப வெயிட்டா?" என்று கேட்டாள்.

பார்த்திருக்கிறாள். அழுதுவிடுவேன் போலிருந்தது, அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்றும் இருந்தது. பேசுவதற்குப் பதிலாக இனிப்பையாவது கொடுக்கலாம் என்று அவசரமாகப் பைக்குள் கையை விட்டேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். மடியிலிருந்த கூடையை நகர்த்தி வைத்தாள். விரலில் ஒட்டியிருந்த மல்லாட்டைத் தூசியைப் பாவாடையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, கையை என் பக்கமாக நீட்டினாள்.

"குடுங்க" என்றாள். "இன்னும் எங்கனா கையெழுத்துப் போடணுமா?"