தலை போன சுறா

பி.எஸ்சி. விலங்கியல் முடித்தால் நேரே டாக்டர் ஆகிவிடலாம் என்று நம்பிய அறிவாளி நான். வீராம்பட்டினத்தில் எங்களுடையது மீன்பிடிக் குடும்பம். அப்பா இறந்தபின் படகு அண்ணன் கைக்குப் போனது. என் படிப்பு அவருக்கு வேப்பங்காய். கடைசி வருடச் செய்முறைத் தேர்வுக்குக் கிளம்பும்போதே, "பெயிலானா வலை இழுக்க வந்துடணும்டா" என்று உறுமினார்.

எனக்கு வந்தது ஒரு குட்டிச் சுறா. அதன் தலையைத் திறந்து மூளை நரம்புகளைக் காட்ட வேண்டும். வெளியூர்த் தேர்வாளர் ஒரு முறை முறைத்துவிட்டு நகர்ந்ததும் படித்ததெல்லாம் பறந்துவிட்டது. கை மட்டும் பயப்படவில்லை. அம்மாவுக்கு மீன் அரிந்து கொடுத்த பழக்கத்தில் தலையை வெட்டி வாளியில் போட்டது, குடலை உருவியது, சுறாப்புட்டுக்கு ஆகிறமாதிரி துண்டு போட்டு அழகாக அடுக்கியும் வைத்தது.

தேர்வாளர் திரும்பி வந்தார். "நரம்பு எங்கடா?"

"வாளியில சார்."

"பரீட்சைக்கு வந்தியா, சமைக்க வந்தியா? வெளியே போ!"

விஷயம் எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. "இன்னாடா டாக்டரு, ஆபரேசன் முடிஞ்சிதா? காலையில படகுக்கு வா" என்றார் அண்ணன்.

"வரமாட்டேன். மறுபடி எழுதுவேன்." அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் இந்த வீரத்தைக் காட்டினேன்.

"அப்ப இந்த வூட்ல ஒனக்கு எடமில்ல. போடா!"

போனேன். மறுமுறை எழுதித் தேறினேன். டாக்டராகவில்லை, பாகூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் விலங்கியல் ஆசிரியரானேன். அண்ணன் என் கல்யாணத்துக்கும் வரவில்லை.