வலது தொடை என்று எழுதியிருந்தது

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் புணேக்குப் பக்கத்தில் தேஹு ரோடு குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் மகளுக்கு ஒன்பது வயது. நடக்கவும் பேசவும் வராது. குளிப்பாட்டும்போது அவளுடைய இடது தொடையில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. டாக்டர் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். வெறும் கொழுப்புக் கட்டி என்று ரிப்போர்ட் வந்ததும் கணவர் நிம்மதியானார். நான் மறுபடி படித்தேன். வலது தொடை என்று இருந்தது.

லேபுக்குப் போய்க் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர், "டைப்பிங் மிஸ்டேக், பாபி" என்று அண்ணி முறை வைத்துச் சொல்லி, பேனாவாலேயே திருத்திக் கொடுத்தார். ரிஜிஸ்டரைத் திறக்கவே இல்லை.

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்றார் கணவர்.

"அவளால கேக்க முடியாதுல்ல. நான்தானே கேக்கணும்."

புணேயில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மீண்டும் சதை எடுத்துப் பார்த்தார்கள். தசையில் வரும் அபூர்வமான புற்றுநோய். ஆபரேஷன், கீமோ என்று ஒரு வருடம் ஓடியது. பிழைத்துக்கொண்டாள்.

முதலில் வந்தது வேறு யாருடைய ரிப்போர்ட்டோ என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்தக் கொழுப்புக் கட்டிக்காரருக்கு என்ன எழுதிக் கொடுத்தார்களோ, தெரியவில்லை.