ராசுவின் வயிற்றில் குடியிருந்தவை

சேரங்கோடு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் ராசுவுக்கு யானைக் காவல் வேலை. பெண்கள் கொழுந்து பறிக்க இறங்குமுன் அவர் முன்னால் போய்ப் பார்க்க வேண்டும். பனிமூட்டத்தில் கண் உதவாது, காதுதான். யானை அசையாமல் நின்றாலும் அதன் வயிறு சும்மா இருக்காது. உள்ளுக்குள் கடகடவென்று உருளும். அது கேட்டதும் ராசு கையைத் தூக்குவார். எல்லோரும் ஓசைப்படாமல் திரும்பிவிடுவார்கள்.

அவருடைய அண்ணன் மாரப்பன் ஃபேக்டரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் சரிந்து செத்தவர். பீடி, சாராயம் தொடாதவர். சர்க்கரையும் கிடையாது. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை.

போன வருஷம் இதய நோய் ஆராய்ச்சிக்கென்று ஒரு மருத்துவக் குழு வந்து தோட்டத்து ஆட்களிடம் ரத்தம் எடுத்தது. பிறகு டாக்டர் ரோஸ்மேரி ராசுவைக் கூப்பிட்டார்.

"கொழுப்பு, சர்க்கரை எல்லாம் சரியா இருக்குண்ணே. ஒண்ணு மட்டும் கூடுதல். நீங்க கறி, முட்டை சாப்பிட்டா, குடல்ல இருக்கிற கிருமிங்களும் அதத் தின்னுது. அதுங்க கழிக்கிறது ஈரலுக்குப் போய் வேற ஒண்ணா மாறி ரத்தத்துல கலக்குது. அது அதிகமா இருக்கிறவங்களுக்கு மாரடைப்பு கூடுதலா வருது. ஆனா அதுதான் காரணம்னு இன்னும் உறுதியாச் சொல்ல முடியல."

"மருந்து குடிச்சா செத்துருமாங்க?"

"எல்லாத்தையும் கொல்லக் கூடாதுண்ணே. அதுங்க நமக்கு வேணும். கறியக் குறைங்க, கீரை, பயறு சேத்துக்கங்க."

"எத்தன இருக்கும்?"

"உங்க உடம்புல நீங்க பாதின்னா, அதுங்க பாதி." டாக்டர் சிரித்தார். ராசு சிரிக்கவில்லை.

அண்ணனும் தம்பியும் ஒரே சட்டியில் தின்று வளர்ந்தவர்கள். அப்படியானால் அண்ணனுக்குள் இருந்தவை இவருக்குள்ளும் இருக்கும். தட்டின் முன் உட்கார்ந்தால், தன் வாய்க்குப் பின்னால் ஒரு கூட்டம் காத்திருப்பதுபோல் இருந்தது. முதலில் கறியை விட்டார். அடுத்து முட்டை. பிறகு சோற்றையே தள்ளினார்.

"டாக்டரம்மா கறியத்தானே கொறைக்கச் சொன்னாங்க? சோத்த ஏன் தள்ளுறீங்க?" என்றாள் அவர் மனைவி மருதாயி.

"நான் திங்கலன்னா அதுக்கும் இல்ல."

"எதுக்கு?"

ராசு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். பட்டினியில் வயிறு ஓயாமல் உருண்டது. மருதாயி கூப்பிட்டால், அவர் வாய் திறக்குமுன் அது குரல் கொடுத்தது.

ஒரு காலை, பனி இறங்கிய மலையில் மருதாயியும் மற்றப் பெண்களும் பின்னால் நிற்க, ராசு முன்னால் நடந்தார். கடகடவென்று சத்தம். "சும்மா இரு" என்று வயிற்றை அமுக்கிக்கொண்டு, பெண்களை வரச் சொல்லிச் சைகை காட்டினார். மறுபடியும் உருண்டது. உள்ளங்கைக்கடியில் வயிறு அசையாமல் கிடந்தது. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

பக்கத்தில் மரம் என்று நினைத்திருந்தது கண் சிமிட்டியது.

ராசு கையைத் தூக்கினார். பெண்கள் கல்லாய் நின்றார்கள். துதிக்கை மெல்ல நீண்டு வந்து, முகத்தையோ மார்பையோ தொடாமல், அவர் வயிற்றின் மேல் நின்றது. அங்கேயே வெகுநேரம் மோந்தது. பிறகு யானை திரும்பிப் பனிக்குள் போய்விட்டது.

தூக்கிய கையை ராசுவால் இறக்க முடியவில்லை. மற்றக் கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செடிகளின் மேல் விழுந்தார்.

ஜீப்பில் கூடலூர், அங்கிருந்து கோயமுத்தூர். அடைபட்டிருந்த ஒரு ரத்தக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். பார்க்க வந்த ரோஸ்மேரியிடம் ராசு, "அதுங்க வேலதானா?" என்று கேட்டார்.

"தெரியலண்ணே. குடும்ப வாகு, பயம், பட்டினி... எதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. இனிமே பட்டினி மட்டும் கிடக்காதீங்க."

இப்போது அவருக்குக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வேலை. கீரையும் பயறுமாக வயிறாரச் சாப்பிடுகிறார், உடம்பும் தேறிவிட்டது. ஆனால் சாப்பிட்டு முடித்ததும் தலை குனிந்து அசையாமல் உட்கார்ந்துவிடுகிறார். மருதாயி ஏதாவது பேச வந்தால் கையைத் தூக்குகிறார்.

"கொஞ்சம் பொறு. தின்னுக்கிட்டு இருக்கு."

முதலில் அவள் திட்டினாள். இப்போதெல்லாம் அவளும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறாள்.