சின்னத்துரையின் ராக்கர் கைகள்

எஞ்சினின் தலையைக் கழற்றத் தெரிந்தவனுக்கு எங்கள் ஊரில் மரியாதை உண்டு. கழற்றிய பிறகு உள்ளே இருப்பதை உள்ளபடி சொன்னால் அந்த மரியாதை அன்றோடு சரி. கிரீஸ் கையோடு சாப்பாட்டுக்கு உட்கார்ந்து பழகியவர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஜெர்மன் சண்டை முடிந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். இலங்கை மலைநாட்டில், பண்டாரவளையில் ஒரு மோட்டார் பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். அப்போது நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

புத்தகம் படித்தவர்

பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் சின்னத்துரை, தோட்டத்தை ஆளும் பெரிய துரைக்கு அடுத்த வெள்ளைக்காரர், சீமையிலிருந்து ஒரு பந்தயக் கார் இறக்கியிருந்தார். பெரகலயிலிருந்து அப்புத்தளை மேட்டில் யார் வண்டி வேகமாக ஏறுகிறது என்று துரைமார் தங்களுக்குள் போட்டி வைத்திருந்தார்கள். அந்தக் காருக்கு வால்வுகள் எஞ்சின் தலைமேல் இருந்தன. ஒவ்வொரு வால்வையும் அழுத்தித் திறக்க ஒரு சிறு இரும்புக் கை, அதுதான் ராக்கர். நடுவில் அச்சு, இரண்டு முனையும் ஏற்றம் போல ஏறி இறங்கும்.

ராக்கரின் எடையைக் குறைத்தால் வேகம் கூடும் என்று சின்னத்துரை எங்கோ படித்திருந்தார். அச்சுக்குப் பக்கத்தில் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டு, அங்கே துளை போடச் சொன்னார்.

"தொரை, எடை குறையணும்னா நுனியிலே கொஞ்சம் இழைச்சு எடுக்கலாம். அச்சுக்கிட்ட எடுத்து ஒரு லாபமும் இல்லே. பாரம் பூராவும் விழுற இடம் அது. ஓட்டை போட்டா வெடிச்சிரும். இதுவோ வார்ப்பு. சம்மட்டியிலே அடிச்சுச் செஞ்ச எஃகு ராக்கர் சீமையிலே கிடைக்கும், அதை வரவழைங்க" என்றேன்.

அவர் கையிலிருந்த பத்திரிகையை என் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

"நீ ஃபிட்டர். கை வேலை நீ செய். யோசிக்கிற வேலை நான் செய்றான்."

மஞ்சள் உலோகம்

எட்டு ராக்கரிலும் துளை போட்டேன். என் கையால்தான் போட்டேன், அதை மறைக்கவில்லை. அடுத்தது கைடு. வால்வின் தண்டு ஏறி இறங்குகிற குழலுக்கு அந்தப் பெயர். புகை போகிற பக்கத்து வால்வு பழுக்கக் காய்ச்சிய கம்பி மாதிரி ஆகிவிடும். அங்கே நல்ல வெண்கலக் கைடு இருந்தால் சூட்டை வாங்கி வெளியே கடத்தும். பித்தளை ஆகவே ஆகாது. சூட்டில் இளகி, வால்வை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

ரயில் கோச்சி ஏறிப் பதுளைக்குப் போனேன். இரும்புக் கடை காசிம் நானாவிடம் மூன்று தடவை சொல்லி வெண்கலக் கம்பி கேட்டேன். "அசல் சாமான்" என்று கடதாசியில் சுற்றிக் கொடுத்தார். பட்டறைக்கு வந்து லேத்தில் மாட்டியதும் சீவல் பச்சை மஞ்சளாகக் கொட்டியது. சுத்தமான பித்தளை! மறுநாள் வேலையைப் போட்டுவிட்டு மறுபடி பதுளைக்குப் போய், அந்தக் கம்பியை அவர் மேசைமேல் போட்டேன். மேசை அதிர்ந்தது, மனுஷன் அசையவில்லை.

"ஏன் தம்பி கத்துறீங்க, ரெண்டும் மஞ்சள்தானே? எஞ்சினுக்குள்ளே போய் யாரு நிறம் பார்க்கப் போறாங்க?"

மூன்றாவது வளைவு

கடைசியில் வார்ப்பிரும்பிலேயே கைடு கடைந்து, புகைப் பக்கத்து வால்வுக்குக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்டுப் போட்டேன். கைடு கடைசிவரை ஒரு குறையும் வைக்கவில்லை.

போட்டியன்று சின்னத்துரைக்குப் பக்கத்தில் அவர் டிரைவர் மாடசாமி உட்கார்ந்திருந்தான். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். எண்ணெய் பார்க்காமல் வண்டியில் கைவைக்க மாட்டான். மூன்றாவது வளைவில் படீரென்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் தலைமேல் இருக்கும் ராக்கர் மூடியை உடனே கழற்றச் சொன்னார் துரை. கொதிக்கிற மூடியை வெறுங்கையால் கழற்றியதில் மாடசாமிக்கு இரண்டு உள்ளங்கையும் பொத்துப்போயிற்று. உள்ளே ஒரு ராக்கர் இரண்டு துண்டாகக் கிடந்தது.

பார்த்துக்கொண்டிருந்த துரைமார் முன்னால் அவமானம் தாங்காமல், "டிரைவர் எண்ணெய் விடலே" என்றார் சின்னத்துரை. அங்கேயே வேலை போயிற்று. குடியிருந்த ஒற்றை அறை லயத்துக் காம்பிராவையும் மறுநாளே காலி பண்ண வேண்டுமாம். மாடசாமியின் பெண்சாதி பேச்சிக்கு அப்போது ஏழு மாதம்.

உடைந்த துண்டுகளைத் துணியில் முடிந்துகொண்டு நேரே என்னிடம் வந்தான்.

"எண்ணெய் விட்டேன் தொரைன்னு வாயைத் தொறந்தேண்ணே. எதிர்த்துப் பேசினேன்னு அதுவும் ஒரு குத்தமாப் போச்சு."

பங்களாப் படி

துண்டுகளை எடுத்துக்கொண்டு பெரிய துரையின் பங்களாவுக்குப் போனேன். படிக்குக் கீழேதான் நிற்க விட்டார்கள். உடைப்பு சரியாகத் துளையின் குறுக்கே ஓடியிருந்தது. இரண்டு துண்டிலும் எண்ணெய் மினுமினுத்தது. பெரிய துரை தேயிலை ஆலை எஞ்சினோடு பழகியவர். ஒரே பார்வையில் அவருக்கு விளங்கிவிட்டது. அவர் முகத்தில் அதைக் கண்டேன்.

"யார் ஓட்டை போட்டது?" என்றார்.

"நான்தான் தொரை. சின்னத்தொரை சொல்லித்தான் போட்டேன்."

இரண்டு துண்டையும் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். எங்கள் கையிலிருந்த ஒரே சாட்சி அதுதான். அவர்மேல் வந்த ஆத்திரத்தில் பாதி என்மேலேயே திரும்பியது. அன்றைக்கே முடியாது என்று சொல்லியிருந்தால் என் வேலைதானே போயிருக்கும்?

"சின்னத்துரை தப்பு செய்ய மாட்டான். ஃபிட்டர் தப்பு செய்தான், டிரைவர் தப்பு செய்தான். போ" என்றார் பெரிய துரை.

மறுபடியும் சாக்குக்கட்டி

மாடசாமியை வேலைக்கு எடுக்காவிட்டால் நானும் நிற்க மாட்டேன் என்று பட்டறை முதலாளியிடம் சண்டை போட்டேன். முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக்கொண்டார். பட்டறைக்குப் பின்னாலிருந்த அறையில்தான் பேச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

குழந்தை தவழத் தொடங்கியிருந்த சமயம், சின்னத்துரை ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். உள்ளே புது ராக்கர்கள். நான் சொன்ன அதே எஃகு. அதிலும் வட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தார்!

"முடியாது" என்றேன். துரை முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். நான் கையைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மாடசாமி, உள்ளங்கைத் தழும்போடு, எங்கள் நடுவில் வந்து நின்றான். குரலை உயர்த்தவே இல்லை.

"டிரில் அந்தா இருக்கு தொரை. ஓட்டையை நீங்களே போடுங்க. இந்தத் தடவை உடைஞ்சா யாரு போட்டதுன்னு யாரும் கேக்க வேண்டியதில்லே பாருங்க."

பெட்டியை மூடிக்கொண்டு போனவர் எங்கள் பட்டறைப் பக்கம் அப்புறம் வரவே இல்லை. எத்தனையோ எஞ்சின்களைப் பிரித்துப் பார்த்த பிறகு நான் கண்டது, எண்ணெயும் இல்லாமல் தேய்மானமும் இல்லாமல் எந்தச் சூட்டிலும் ஓடக்கூடியது துரைமாரின் கௌரவம் ஒன்றுதான்.